கடிகாரப் பட்டையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

கைக்கடிகாரத்தில் முதலில் நைந்துபோவது பட்டைதான். உள்ளே இருக்கும் இயந்திரம் பல்லாண்டு ஓடும். கண்ணாடியில் கீறல் விழுந்தாலும் மணி தெரியும். நாள்தோறும் வியர்வையில் ஊறி, கட்டும்போதெல்லாம் ஒரே இடத்தில் மடங்கும் தோல் பட்டையோ ஓரிரு ஆண்டுகளில் வெடித்துவிடுகிறது. மாற்றுப் பட்டை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் மேல்பக்கத்து மினுமினுப்பையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் மேல்பக்கத்தை அழகாக்குவது எந்தத் தயாரிப்பாளருக்கும் கடினமான வேலை அல்ல. அடிப்பக்கம், ஓரம், கடிகாரத்தோடு சேரும் முனை, அந்த முனைக்குள் ஒளிந்திருந்து பட்டையைக் கடிகாரத்தோடு பிணைக்கும் மெல்லிய கம்பியான ‘பின்’ ஆகியவற்றில்தான் செலவைக் குறைக்கிறார்கள். ஆகவே சோதனையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்கு முன் அளவு. கடிகாரக் கூட்டிலிருந்து மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நீண்டிருக்கும் கொம்புகளை லக் என்பார்கள். ஒரு ஜோடி லக்குகளின் உட்பக்கங்களுக்கு இடையிலுள்ள தூரமே வாங்க வேண்டிய பட்டையின் அகலம். 18, 20, 22 மி.மீ. ஆகியவை பரவலான அளவுகள். சிறிய கடிகாரங்களில் 12 முதல் 16 மி.மீ. வரை இருக்கும். 19, 21 என்ற ஒற்றைப்படை அளவுகளும் உண்டு என்பதை மறந்தால் ஏமாற வேண்டியதுதான். நானே ஒருமுறை கண்ணளவில் 20 என்று தீர்மானித்து வாங்கிய தோல் பட்டையை 19 மி.மீ. இடைவெளிக்குள் திணித்தேன். தோல் என்பதால் நசுங்கி உள்ளே போய்விட்டது. ஆறு மாதத்தில் முனையின் இரு ஓரங்களும் பிதுங்கித் தையல் விட்டது. மாறாக, அகலம் குறைந்த பட்டையை மாட்டினால் இடைவெளியில் பின் தெரிவதோடு பட்டையும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மி.மீ. கோடுகள் தெளிவாக உள்ள ஸ்கேலை லக்குகளின் மேல் வைத்து, கண்ணை நேர்செங்குத்தாகக் கொண்டுவந்து படிக்கலாம். பழைய தோல் பட்டையின் அகலத்தை அளந்து அதையே நம்புவது சரியல்ல, ஏனெனில் ஈரத்தில் உப்பியும் உராய்வில் தேய்ந்தும் அது தன் முதல் அளவை இழந்திருக்கும். 20/18 என்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருந்தால், முதலாவது லக் பக்கத்து அகலம், இரண்டாவது பக்கிள் பக்கத்து அகலம்.

அகலத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள்கூட நீளத்தைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வழக்கமான இரண்டு துண்டுப் பட்டையில் பக்கிள் உள்ள துண்டு 75 மி.மீ. அளவிலும், துளைகள் உள்ள துண்டு 115 முதல் 120 மி.மீ. வரையிலும் இருக்கும். பழைய பட்டையை மேசைமீது விரித்து இரண்டு துண்டுகளையும் தனித்தனியே அளந்து, எந்தத் துளையில் கட்டி வந்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுத் துளையில் கட்டும்போது சுகமாக இருப்பதே பொருத்தமான நீளம். கடைசித் துளையில்தான் கட்ட முடிகிறது என்றால் நீளமான வகையைக் கேளுங்கள். பக்கிள் மணிக்கட்டின் அடிப்பக்கத்து நடுவில் அமராமல் ஒருபுறமாக ஒதுங்கினால் இரு துண்டுகளின் விகிதம் உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்று அறியலாம். தடிமனைப் பொறுத்தவரை, மெல்லிய கடிகாரத்துக்கு 2 மி.மீ. போதும், கனத்த கடிகாரத்தை 4 மி.மீ. வரை தடித்த பட்டைதான் புரளாமல் நிறுத்தும். ஆயினும் பின்னுக்கும் கூட்டுக்கும் இடையே போதிய இடம் இல்லாத கடிகாரங்களில் தடித்த முனை கூட்டோடு உரசும்.

எல்லாக் கடிகாரத்துக்கும் மாற்றுப் பட்டை கிடைத்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லக்குகளே இல்லாமல் கூடும் பட்டையும் ஒன்றாக வடிவமைக்கப்பட்டவை, முனையில் தனிவகைப் பள்ளம் உள்ளவை, சொந்த இணைப்பு முறை கொண்ட சில ஸ்மார்ட் வாட்சுகள் ஆகியவற்றுக்கு அந்தந்த வடிவத்துக்கென்றே செய்த பட்டை வேண்டும்.

தோல் பட்டையில்தான் ஏமாற்று மிகுதி. ‘அசல் தோல்’ என்ற முத்திரை அது தோல் என்பதை மட்டுமே சொல்கிறது, எந்தத் தரத்துத் தோல் என்பதைச் சொல்வதில்லை. விலங்கின் தோலில் மேற்புற இழைகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் அந்த அடுக்கே உறுதியானது; மேற்பரப்பைத் தேய்க்காமல் இயற்கையான நுண்துளைகளோடு விட்ட தோல் நீண்ட நாள் உழைக்கும். அந்த அடுக்கை உரித்தெடுத்த பின் எஞ்சும் அடித்தோலின் மேல் பூச்சு ஏற்றி விற்பதும், தோல் துணுக்குகளை அரைத்துப் பசையால் சேர்த்துத் தகடாக்கி விற்பதும் உண்டு. கடைசியாகச் சொன்னது சில மாதங்களிலேயே அப்பளம்போல் உரியும்.

பட்டையைக் கையில் எடுத்து, மேல்பக்கம் வெளியே இருக்குமாறு ‘ப’ வடிவில் வளையுங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் தோன்றி, விட்டதும் மறையும். பூச்சுத் தோலில் வெள்ளைக் கோடுகள் விழும். அடுத்து ஓரத்தைப் பாருங்கள். மேல்தோலை ஓரத்தில் மடித்து உள்ளே ஒட்டியிருப்பது ஒரு முறை; அடுக்குகளைச் சேர்த்து நேராக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மெருகேற்றிச் சாயம் பூசுவது இன்னொரு முறை. இரண்டுமே நல்ல முறைகள்தாம். ஓரத்தில் அட்டைபோன்ற நிரப்பு எட்டிப் பார்த்தாலோ, நகத்தால் இலேசாக நெருடும்போது அடுக்குகள் பிரிந்தாலோ அந்தப் பட்டையைக் கீழே வைத்துவிடலாம்.

பிறகு அடிப்பக்கம். கையின் மேல் நாளெல்லாம் படிந்திருப்பது இதுதான், ஆனால் பார்க்கப்படுவது குறைவு. அங்கே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் வியர்வை வெளியேற வழியின்றிக் கை பிசுபிசுக்கும். ஈரமான வெள்ளைத் துணியை அடிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் நாளை சட்டைக் கையிலும் ஏறும். தோல் பதனிடுதலில் பிசகு நேர்ந்தால் உருவாகும் அறுதிற குரோமியம் (குரோமியம் VI) என்ற வேதிப்பொருள் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. உடலில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மி.கி. அளவை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் விதித்துள்ளது. தோல் எளிதில் சிவந்து அரிப்பெடுப்பவர்கள் இந்த வரம்புக்கு உட்பட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

முதலைத் தோல் என்று விற்கப்படுவனவற்றில் பல, மாட்டுத் தோலில் அச்சு அழுத்தியவை. அப்படிச் செய்வதில் தவறில்லை, அதைச் சொல்லி விற்றால். உண்மையான முதலைத் தோலில் ஒரு செதில் போல் இன்னொன்று இராது. வளைத்தால் செதில்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்தான் மடிப்பு விழும். அச்சுத் தோலில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், மடிப்பும் செதிலுக்குக் குறுக்கே ஓடும். உண்மையானதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருவதையும் உரிய அனுமதிச் சீட்டின்றி எல்லையில் பறிமுதல் ஆகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நீரிலும் வியர்வையிலும் புழங்குபவர்களுக்கு ரப்பர் வகைகள் ஏற்றவை. சிலிக்கோன் மென்மையானது, ஒவ்வாமையும் அரிது. ஆனால் தூசியையும் பஞ்சையும் இழுத்து வைத்துக்கொள்ளும், ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே கிழியும். பாலியூரித்தேன் வகை, ஈரமும் காலமும் சேர்ந்தால் பொடிந்து உதிரும். எஃப்.கே.எம். எனப்படும் ஃப்ளோரோ ரப்பர் எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் தாங்கி, தூசி ஒட்டாமல் பட்டுப்போல் இருப்பதால் உயர்ந்ததாகக் கருதப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பட்டைகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், இவ்வகைப் பட்டைகள் பலவற்றில் பி.எஃப்.ஹெச்.எக்ஸ்.ஏ. என்ற, எளிதில் சிதையாத வேதிப்பொருள் உயர்ந்த அளவில் இருந்தது தெரியவந்தது. அது தோல் வழியே எவ்வளவு உடலுக்குள் செல்கிறது என்பது வேறு கேள்வி. எனினும் உறங்கும்போதும் கழற்றாமல் அணிபவர்களுக்கு நான் சிலிக்கோனையே சொல்வேன்.

நைலான் பட்டை எளியது, ஆனால் அதன் கணக்கு அழகானது. நேட்டோ என்று பெயர் பெற்ற ஒற்றைத் துண்டுப் பட்டை, 1973இல் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த தர வரையறையிலிருந்து வந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் 20 மி.மீ. அகலத்தில் அமைந்தது. ஒரே நாடா இரண்டு பின்களுக்கும் அடியில் புகுந்து செல்வதால், ஒரு பின் அறுந்தாலும் மற்றொன்றில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும். துளைகளின் விளிம்பு வெப்பத்தால் உருக்கி அடைக்கப்பட்டிருக்கிறதா, நூல் பிரிகிறதா என்று பாருங்கள்.

உலோகச் செயினுக்கு வந்தால், கண்ணிகள் கெட்டியான உலோகமா, தகட்டை மடித்ததா என்பதே முதற்கேள்வி. மடித்த கண்ணியைப் பக்கவாட்டில் பார்த்தால் மடிப்பின் கோடு தெரியும். எடையும் குறைவாக இருக்கும், நாளடைவில் தளர்ந்து சலசலக்கும். கூட்டின் வளைவோடு சேரும் முனைக் கண்ணி உங்கள் கடிகார மாதிரிக்கென்றே செய்யப்பட்டதாக இல்லாவிட்டால் இடைவெளி விழும். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 316எல் துருப்பிடிக்காத எஃகு போதுமானது. நிக்கல் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் டைட்டானியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எடை குறைவு, கீறல் எளிதில் விழும்.

இனி பின். இரண்டு முனைகளையும் உள்ளே அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங் அவற்றை மீண்டும் வெளியே தள்ளும். இவ்வளவுதான் இதன் வேலை, ஆனால் கடிகாரம் முழுவதும் இதை நம்பியே கையில் இருக்கிறது. பட்டையோடு இலவசமாக வரும் பின்னை நான் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. என் கடிகாரம் ஒன்று மாடிப்படியில் விழுந்து கண்ணாடி உடைந்தபோது, பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனிருந்த மெலிந்த பின்தான் வளைந்து லக்கின் குழியிலிருந்து கழன்றிருந்தது. நீளம் லக் இடைவெளிக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதுபோலவே தடிமனும் முக்கியம்: 1.5, 1.8 மி.மீ. வழக்கமானவை, சீக்கோ நிறுவனத்தின் பல டைவர் (நீரில் மூழ்குவோருக்கான) கடிகாரங்களுக்கு 2.5 மி.மீ. பின் வேண்டும். வாங்குமுன் இரு முனைகளையும் விரல்களால் அழுத்தி விடுங்கள். இரண்டும் தயங்காமல் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். சிறு நெம்புகோல் வைத்த, கருவி இல்லாமலே கழற்றக்கூடிய பின்கள் அடிக்கடி பட்டை மாற்றுபவர்களுக்கு வசதியானவை. நெம்புகோலுக்காகத் தோலில் வெட்டிய பிளவு முனையை ஓரளவு பலவீனப்படுத்தும் என்பதால், ஒரே பட்டையை ஆண்டு முழுவதும் கட்டுபவர்களுக்குச் சாதாரணப் பின்னே மேல்.

மாட்டும்போது கடிகாரத்தை மென்துணியின் மேல் முகங்குப்புற வைத்து, லக்குகளின் உட்பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. கவைமுனைக் கருவியைப் பட்டைக்கும் லக்குக்கும் இடையே நுழைத்து, பின்னின் முனையருகே புடைத்திருக்கும் தோள்பட்டையைப் பற்றி உள்ளே இழுத்தால் பழையது கழன்றுவிடும். பக்கிள் உள்ள துண்டு 12 மணிப் பக்கம், துளைத் துண்டு 6 மணிப் பக்கம். புதிய பின்னின் ஒரு முனையைக் குழியில் அமர்த்தி, மறுமுனையை அழுத்தியபடி நகர்த்துங்கள். ‘டக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்டாலும் நம்பாமல், துண்டைப் பிடித்து நன்றாக இழுத்தும் பக்கவாட்டில் திருகியும் பாருங்கள்.

பழைய பட்டையை எறியுமுன் அதன் பக்கிளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பல கடிகாரங்களில் அந்தச் சிறு துண்டில்தான் தயாரிப்பாளரின் சின்னம் பொறித்திருக்கும். அதன் உள் அகலத்தை அளந்து, புதிய பட்டையின் இரண்டாவது எண்ணோடு ஒத்துவந்தால் அதையே மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம்.