‘கடும் கோபம்’ என்று எழுதுவதற்கு முன்

எழுத்தில் கோபம் வரும் இடத்தில் பலரும் ‘கடும் கோபம்’, ‘மிகுந்த கோபம்’, ‘சொல்ல முடியாத கோபம்’ என்று அடைமொழியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முதல் தவறு இதுதான். அளவை மட்டும் பார்த்தால் போதாது. யார்மேல் வந்த கோபம், எத்தனை நாளாக இருக்கிறது, வெளியே காட்ட முடியுமா என்பதையெல்லாம் பார்த்தால்தான் சரியான சொல் கிடைக்கும்.

டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தாயிற்று, கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. நாற்றங்கால் காய்வதைப் பார்த்து நிற்பவருக்கு வருவது ஆத்திரம். இப்போதே யாரையாவது கேட்டாக வேண்டும் என்ற துடிப்பு அதில் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு அதே ஆள் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறார். ராத்திரி மழை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எடுக்க மறுக்கிறார்கள். அவரால் கத்த முடியாது, நாளைக்கும் அங்கேதான் நெல்லைப் போட்டாக வேண்டும். இங்கே ‘சீறினார்’ என்று எழுதினால் ஆளே மாறிப்போகிறார். ‘பொருமினார்’ என்பதுதான் பொருந்தும். அவரையே பேசவிட்டால் ‘வயிறு எரியுதுய்யா’ என்பார்.

அந்த வயிற்றெரிச்சலைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கி, ‘சினமுற்றார்’ என்று திருத்துவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. கோபத்தைச் சொல்லும் சினமும் வெகுளியும் அருமையான சொற்கள், ஆனால் கொள்முதல் நிலைய வாசலில் அவை ஒட்டாது. தொல்காப்பியமே வெகுளியை உடம்பில் தெரியும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் காரணங்களை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்காகப் பிரிக்கிறது. உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்து வருத்துவது, கொல்வது. எதனால் வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் கோபத்தைப் பேச வேண்டும் என்ற பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

அப்புறம், கொந்தளிப்பு. இது கூட்டத்துக்குப் பொருந்தும் சொல். சாலை மறியலில் ஊரே கொந்தளிக்கலாம், டீக்கடையில் தனியாக உட்கார்ந்திருப்பவர் கொந்தளித்தார் என்றால் நம்பும்படி இல்லை. ஊடலைக் கணவன் மனைவிக்கும் காதலர்களுக்கும் விட்டுவிடுங்கள். பந்தியில் சரியாகக் கவனிக்கவில்லை என்று சம்பந்திக்கு வருவது மனத்தாங்கல். வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட பங்காளியை நினைத்து வருஷக்கணக்கில் ஒருவர் இருக்கிறாரே, அவர் கோபப்படவில்லை, கறுவிக்கொண்டிருக்கிறார்.

‘கண்கள் சிவந்தன’, ‘பற்களை நறநறவென்று கடித்தான்’ போன்றவை தேய்ந்துவிட்டன. அந்த மனிதர் உண்மையில் என்ன செய்வார் என்று யோசியுங்கள். சம்பந்தி கை நனைக்காமலே பந்தியிலிருந்து எழுந்துபோகிறார் என்று எழுதிவிட்டால், அதற்குமேல் ‘கோபமாக’ என்ற சொல் எதற்கு? அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.