பழைய 1911 பிஸ்டல்: அரத்தைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவில் பழைய 1911 வகை பிஸ்டலை (அந்த ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம்) வாங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் என் பட்டறைக்கு வருகிறார்கள்: தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள், ஏறாமல் பாதியில் முட்டி நிற்கிறது. தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. அது தெரியாதவர் பிஸ்டலைக் கழற்றவே கூடாது. கீழே இருப்பவை நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள், கடைசியில் ஓர் எச்சரிக்கை.

சரிவை ராவுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தோட்டா முட்டுகிறது என்றதும் முட்டும் இடத்தின் மீதே பழி விழுகிறது. தோட்டா சறுக்கி ஏறும் சரிவை மெருகேற்றுகிறேன் என்று மின்சார அரைப்புக் கருவியை எடுத்துவிடுகிறார்கள். 1911-இல் அந்தச் சரிவு இரண்டு துண்டு: கீழ்ப்பாதி ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த உடல்பகுதி), மேல்பாதி குழல் வாயில். நடுவே ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் படி இருக்க வேண்டும். அதைத் தயாரிப்புக் குறை என்று நினைத்து இரண்டையும் ஒரே மட்டமாக இழைத்தால், தோட்டாவின் மூக்கு குழலின் கீழ்விளிம்பில் இடிக்கும். அந்த விளிம்பையும் ராவினால் தோட்டா உறையின் அடிப்பகுதி தாங்கலின்றி நிற்கும். சுடும்போது உறை அங்கே கிழிந்தால், சூடான வாயு மேகசின் வழியே கைப்பிடிக்குள் பாயும்.

ஒருவர் கொண்டுவந்த பிஸ்டலில் சரிவு கண்ணாடியாக மின்னியது. அவரிடம் இருந்ததோ ஒரே மேகசின். அதன் உதடுகள், அதாவது மேலே தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் விளிம்புகள், விரிந்துபோயிருந்தன. புது மேகசின் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலை! குழலையாவது மாற்றிவிடலாம். ஃபிரேமில் தேய்த்த உலோகத்தை வெல்டிங் செய்து மீட்க வேண்டும், இல்லையென்றால் புது ஃபிரேம். அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஃபிரேமையே துப்பாக்கியாகக் கருதுவதால், அது மற்ற உதிரிபாகங்களைப் போல அஞ்சலில் வீட்டுக்கு வந்துவிடாது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் போய், புதுத் துப்பாக்கி வாங்குவது போலவே படிவம் நிரப்ப வேண்டும்.

மேகசின்களுக்கு எண் எழுதாமல் விடுவது

எழுதுங்கள். கோளாறு ஒரே எண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தால் குறை அந்த மேகசினில்தான், பிஸ்டலைத் தொடாதீர்கள்.

முரட்டு ஸ்பிரிங்

5 அங்குலக் குழலும் .45 தோட்டாவும் உள்ள பிஸ்டலுக்கு வழக்கமான ரீகாயில் ஸ்பிரிங் (சுட்டதும் பின்னே போகும் ஸ்லைடை, அதாவது மேல்பகுதியை, முன்னே தள்ளுவது) 16 பவுண்டு. அது தளர்ந்திருந்தால் காலி உறைகள் வெகுதூரம் பறக்கும். ஸ்லைடு ஃபிரேமில் ஓங்கி இடிக்கும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதே அளவில். பலம் கூடட்டும் என்று 20 பவுண்டு போட்டால், மேகசின் அடுத்த தோட்டாவை உயர்த்துவதற்குள் ஸ்லைடு முந்திக்கொண்டு ஓடிவிடும்.

தோட்டாவைக் கையால் சேம்பரில் போடுவது

காலி உறையை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் இதில் ஒற்றை ஸ்பிரிங் எஃகுத் துண்டு. தோட்டாவின் விளிம்பு கீழிருந்து சறுக்கி அதன் கொக்கிக்குள் நுழைய வேண்டும். கையால் போட்டு ஸ்லைடை விட்டால் கொக்கி விளிம்பைத் தாண்டிக் குதிக்க நேர்கிறது; நாளடைவில் பிடி தளரும், முனையும் உடையலாம். முந்தைய உரிமையாளர் இப்படி எத்தனை ஆண்டு செய்தாரோ! கழற்றிய ஸ்லைடில் வெடிமருந்து இல்லாத ஒரு போலித் தோட்டாவைக் கொக்கியில் மாட்டி மெல்ல அசைத்துப் பாருங்கள். உடனே விழுந்தால் எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டும், அல்லது தெரிந்தவர் கையால் வளைத்துச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்லைடோடு சுத்தியலும் இறங்கினால்

சுடுவதை நிறுத்துங்கள். சுத்தியலை (சுடும் ஊசியை அடிக்கும் பாகம்) பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்திருக்கலாம், விசையை ஒரு முறை இழுத்தாலே அடுத்த தோட்டாவும் சேர்ந்து வெடிக்கக்கூடும்.