டெக்குக்கு ஸ்டெயின் அடிக்கப் போகிறீர்களா? முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

மே மாத லோங் வீக்கென்ட் வந்தால் ரொறன்ரோப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே கதைதான். பனிக்குள் கிடந்து சாம்பல் பூத்துப்போன டெக்கை, அதாவது வீட்டோடு ஒட்டிய மரப்பலகை மேடையை, சனிக்கிழமை காலை கழுவி, பின்னேரம் மரத்துக்கு நிறமும் காப்பும் தருகிற ஸ்டெயின் அடித்து, ஞாயிறு பார்பிக்யூ போட்டுவிடலாம் என்று கணக்குப் போடுவோம். நான் அதையே காசு கொடுத்துச் செய்வித்தேன். வந்தவர் காலையில் பிரஷர் வாஷரால் கழுவினார், மூன்று மணிக்கு ஸ்டெயின் அடித்தார், ஆறு மணிக்குக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஏப்ரலில் பனி உருகியபோது பாதி டெக் செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஸ்டெயின் பெயின்ட் மாதிரி மேலே படிந்து நிற்கிற பொருள் அல்ல, மரத்துக்குள் இறங்க வேண்டும். மரத்தின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தால் அது எங்கே இறங்கும்? மேலேயே காய்ந்து தோலாகிவிடும். பிறகு அந்தத் தோலுக்கு அடியில் ஈரம் புகுந்து, குளிரில் உறைந்து விரிந்து, அதைக் கிளப்பிவிடும்.

அதனால் முதலில் பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சினால் மரம் தயார். முத்து முத்தாக உருண்டு நின்றால் பழைய ஸ்டெயின் இன்னும் வேலை செய்கிறது, அல்லது மரம் ஈரமாக இருக்கிறது. புதிதாகக் கட்டிய பச்சை சாயல் கொண்ட பிரஷர் ட்ரீட்டட் பலகை மருந்துத் தண்ணீரில் ஊறி வந்தது, அது காயச் சில கிழமைகளும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஈரப்பதம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது, 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் தைரியமாகத் தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டெக் 2004க்கு முன் கட்டியதென்றால் அந்த மரத்தில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மருந்து ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம், வீட்டுப் பாவனைக்கு அதை 2003 கடைசியோடுதான் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட பலகையை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், கழற்றி எரிக்கவும் வேண்டாம்.

கழுவுவதற்கு வீட்டு ப்ளீச்சை எடுக்காதீர்கள், குளோரின் மரத்தின் நாரைக் கெடுக்கும். சோடியம் பெர்கார்பனேட் தூள், அதாவது ஆக்சிஜன் ப்ளீச், அதுதான் சரி. கரைத்து ஊற்றி, காய விடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம், உதிரும் இரும்புத் துகள் கறையாகும். பிரஷர் வாஷர் இருந்தால் 40 டிகிரி விசிறி முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். கிட்டப் பிடித்தால் அழுக்குப் போகும்தான், கூடவே மரமும் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற ஒன்று: ஆக்ஸாலிக் அமிலம் சேர்ந்த பிரைட்னர். கழுவிய தூளின் காரத்தைச் சமன் செய்யும், ஆணியைச் சுற்றி விழுந்த கருப்புக் கறையையும் எடுக்கும். சீடர் மரமென்றால் இதைத் தவறவே விடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பக்கத்துச் செடிகளை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள்.

இனிக் காத்திருக்க வேண்டும். நல்ல வெயிலில் குறைந்தது இரண்டு மூன்று நாள். காய்ந்த பிறகு 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், அதைவிட மெல்லிய தாள் துளைகளை அடைத்துவிடும்.

எந்த ஸ்டெயின்? நிறமே இல்லாத சீலர் தண்ணீரைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. வெயிலைத் தாங்குவது ஸ்டெயினில் உள்ள நிறமிதான், அது இல்லாவிட்டால் மரம் சீக்கிரமே சாம்பல் நிறமாகும். சாலிட் ஸ்டெயின் கிட்டத்தட்டப் பெயின்ட், கைப்பிடிக்குப் பரவாயில்லை, ஆனால் கால் படுகிற இடத்தில் உரியும், உரிந்தால் சுரண்டிச் சுரண்டியே ஒரு கோடை போய்விடும். என் ஓட்டு எண்ணெய் அடிப்படையிலான செமி ட்ரான்ஸ்பேரன்ட்டுக்கு, அதாவது நிறமும் இருந்து மரத்தின் ரேகையும் தெரிகிற வகைக்கு.

வெயில் நேரே அடிக்காத, 10 டிகிரிக்கு மேலும் 30க்குக் கீழும் உள்ள நாளாகப் பாருங்கள், அடுத்த ஒரு நாளாவது மழை இருக்கக் கூடாது. ஜூனில் கொட்டன்வுட் மரங்கள் இலவம்பஞ்சு மாதிரிப் பறக்க விடுகிற நாட்களைத் தவிருங்கள், ஒட்டினால் பிடுங்க முடியாது. செப்டம்பரும் நல்ல மாதம், ஆனால் மாலையில் பனித்துளி விழும் முன் முடிக்க வேண்டும்.

12க்கு 16 அடி டெக் 192 சதுர அடி வருகிறது. கைப்பிடியும் படியும் சேர்த்தால் இரண்டு கேலன் வாங்குங்கள், இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி அடிவரை நன்றாகக் கலக்குங்கள். முதலில் கைப்பிடி, அப்புறம் தரை, கடைசியில் படி. இரண்டு மூன்று பலகைகளை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், நடுவில் நிறுத்தினால் கோடு தெரியும். ரோலரால் பூசினாலும் பின்னால் பிரஷால் இழுத்துவிட வேண்டும். பலகையின் வெட்டு முனை அதிகம் குடிக்கும், அங்கே இன்னொரு தடவை கொடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் எங்காவது பளபளவென்று தேங்கி நின்றால் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

துடைத்த அந்தத் துணியைச் சுருட்டிக் கராஜ் மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட், அதாவது ஆளி விதை, மாதிரி எண்ணெய் காயும்போது தானே சூடாகும், நெருப்பே வைக்காமல் பற்றும். 1991இல் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படி விட்டுப்போன துணிகளால்தான். விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

ஆளை வைத்துச் செய்விப்பதானால் விலைக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கழுவிய பிறகு எத்தனை நாள் கழித்து வருவீர்கள்? "அன்றைக்கே முடித்துத் தருகிறேன்" என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்த வசந்தத்தில் கதவடியிலும் படியிலும் மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முதலில் தேய்வது அங்கேதான். உறிஞ்சினால் அந்த இடத்தை மட்டும் கழுவிக் காயவிட்டு ஒரு தடவை பூசினால் போதும்.