விற்பதற்காகப் புதுப்பிக்கும் வீட்டுக்கு ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி?

குடியிருக்கும் வீட்டில் வேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் அது அலைச்சல். விற்பதற்காக வாங்கிய வீட்டிலோ அந்த ஒரு மாதத்துக் கடன் வட்டி, வரி, காப்பீடு எல்லாம் லாபத்திலிருந்தே கழிகின்றன. ஆகவே குறைந்த தொகை கேட்பவரைவிட, சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவரே உங்களுக்குத் தேவை.

படி 1: வேலைப் பட்டியல்

யாரையும் அழைப்பதற்கு முன், அறை அறையாகச் சுற்றி வந்து, எதை இடிப்பது, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். "குளியலறைக்கு டைல்ஸ்" என்று எழுதினால் போதாது. அதன் அளவு, ரகம், சுவரில் எத்தனை அடி உயரம், பழைய டைல்ஸைப் பெயர்த்துக் குப்பையை அகற்றுவது யார் பொறுப்பு என்பது வரை எழுத வேண்டும். சுற்றுவட்டாரத்து வீடுகளின் தரத்தை மிஞ்சிய அலங்காரத்துக்குச் செலவிட்ட பணம் விற்பனை விலையில் முழுதாகத் திரும்புவது அரிது.

படி 2: மூன்று மதிப்பீடுகள்

அதே பட்டியலை மூவரிடம் கொடுத்து, கூலி வேறு, பொருள் வேறு என்று பிரித்துக் கேளுங்கள். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால், அவர் எதையோ கணக்கில் விட்டிருக்கலாம். வரி வரியாகக் கேட்டுத் தெளியுங்கள். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் பணம் தரும் கூலி ஒப்பந்தத்தில் பொருளின் தரம் உங்கள் கையில் இருக்கும். ஆனால் சிமென்ட் தீர்ந்து ஆட்கள் சும்மா உட்கார்ந்தால், அந்த நாளின் நட்டமும் உங்களுடையதே. முதல்முறை இறங்குபவருக்குப் பொருளோடு சேர்ந்த ஒப்பந்தமே ஏற்றது என்பது என் கருத்து.

படி 3: பழைய வேலையைப் பார்த்தல்

சென்ற மாதம் முடித்த வீட்டை அல்ல, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதிய பெயின்ட் எதையும் மறைத்துவிடும். குளியலறையின் மறுபக்கச் சுவரிலும் ஜன்னலுக்குக் கீழேயும் ஓதம் (சுவர் ஈரம்) ஏறி, பெயின்டுக்கு அடியில் பூசும் பட்டி உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தொகை வாங்கிய பிறகும் அழைத்தபோது வந்தாரா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

படி 4: ஒப்பந்தமும் பணமும்

முன்பணம் சிறியதாக இருக்கட்டும். மீதியை நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த கட்டத்துக்கு ஏற்பக் கொடுத்து, 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் தீரும் வரை நிறுத்திவையுங்கள். முடிக்கும் தேதி, தாமதத்துக்கான பிடித்தம், அனுமதி பெறும் பொறுப்பு, தொழிலாளர் காப்பீடு ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். இடையில் வரும் கூடுதல் வேலைக்கு, தொகையையும் கூடும் நாட்களையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சம்மதியுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன "சின்ன வேலை"களே கணக்கைக் குலைக்கின்றன.

படி 5: மூடுவதற்கு முன் சோதனை

சுவர் பூசுவதற்கு முன், குழாயும் ஒயரும் போகும் வழியை அளவு டேப்பை வைத்துப் படமெடுங்கள். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். 24 மணி நேரம் கழித்து அந்தக் கோட்டையும் கீழ்த்தளத்துக் கூரையையும் பாருங்கள். மட்டம் வெகுவாக இறங்கியிருந்தாலோ கூரையில் ஈரம் தெரிந்தாலோ, டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். அந்தக் கட்டத்துக்கான பணத்தையும் கொடுக்காதீர்கள். குழாய், ஒயர் வழியைக் காட்டும் படங்களைப் பத்திரப்படுத்தினால், விற்கும்போது வாங்குபவரிடம் அப்படியே ஒப்படைக்கலாம்.