பேனலை முதலில் வாங்காதீர்கள்: சூரிய ஒளி வண்டி கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய மூன்று சக்கர வண்டிக்கு நானும் இரண்டு கல்லூரி மாணவர்களும் சேர்ந்து மோட்டார் மாட்டினோம். மேலே 150 வாட் சோலார் பேனல் இரண்டைக் கூரையாகப் போட்டோம். வீட்டில் முழுசாக சார்ஜ் ஏற்றித்தான் கொடுத்தோம். நாலு நாள் ஜோராக ஓடியது. ஐந்தாம் நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. வயர் கழன்றிருக்குமோ என்று மல்டிமீட்டரோடு ஓடினேன். வண்டி வேப்பமரத்து நிழலில் நின்றது.

"வெயில்ல நிறுத்துனா கீரை வாடிரும்லா தம்பி. வாங்க வாறவங்களும் நிக்க மாட்டாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பேனலுக்கு வெயில் வேண்டும், வியாபாரத்துக்கு நிழல் வேண்டும். மூன்று மாதம் வேலை பார்த்த எங்களுக்கு, அவர் நாள் முழுக்க வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்று ஒரு காலையாவது கூடவே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. சூரிய ஒளியில் ஓடும் சைக்கிள், வண்டி, படகு என்று யார் கட்டினாலும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பேனலில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய சாமான்.

முதலில் கணக்கு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் விழும் சூரிய ஒளி சுமார் 1000 வாட். நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும், அதாவது 200 வாட். ஆனால் உச்சி வெயில் நாள் முழுக்க இருக்காது. தமிழ்நாட்டில் மாடியில் சரியாகச் சாய்த்து வைத்த 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். அப்படியென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.8 யூனிட். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் பத்து மணி நேரத்தால் பெருக்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. நான்கால் பெருக்குங்கள். வண்டியின் மேல் படுக்கை வசமாக, தூசியோடு, பாதி நேரம் நிழலில் இருக்கும் பேனலுக்கு இரண்டால் பெருக்கினாலே போதும்.

இனி செலவுப் பக்கம். மிதித்துக்கொண்டே ஓட்டும் மின்சார சைக்கிள் ஒரு யூனிட்டில் சுமார் 100 கி.மீ. போகும். மின்சார ஸ்கூட்டர் 35, 40 கி.மீ. சின்ன மின்சார கார் 7, 8 கி.மீ. அந்த 0.8 யூனிட்டை இவற்றின் மேல் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சைக்கிளுக்கு அது தாராளம், காருக்கு ஆறு கி.மீ. நெதர்லாந்தின் லைட்இயர் நிறுவனம் ஐந்து சதுர மீட்டர் பேனலோடு ஒரு காரைத் தயாரித்து, இரண்டரை லட்சம் யூரோ விலை வைத்தது. 2023 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே ஜெர்மனியின் சோனோ தன் சூரியக் கார் திட்டத்தைக் கைவிட்டது. திறமையான பொறியாளர்கள்தான். ஆனால் அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கூரை எப்படிப் போதும்?

அண்ணாச்சியின் வண்டி சரக்கோடு சுமார் 15 கி.மீ. ஓடும். அதற்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். திறந்த வெயிலில் நின்றால் எங்கள் 300 வாட் பேனல் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தந்திருக்கும். வேப்பமரத்தடியில் தேவையில் பாதிகூடத் தரவில்லை.

நிழலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பேனலில் கால்வாசி நிழல் விழுந்தால் கால்வாசி மின்சாரம் குறையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மாடியில் சின்ன 100 வாட் பேனலை வைத்துச் சோதித்தோம். 36 செல்கள், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. மீட்டரை மாட்டிவிட்டு, ஒரே ஒரு செல்லை உள்ளங்கையால் மூடச் சொன்னேன். அடைபட்ட குழாய் மாதிரி அந்த ஒரு செல் மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்திவிட்டது. உள்ளே இருக்கும் பைபாஸ் டையோடு என்ற மாற்றுவழி, மூடிய செல் இருக்கும் பாதியைத் தாண்டி மின்சாரத்தைக் கொண்டுபோகும்தான். ஆனால் மிச்சம் கிடைப்பது 9 வோல்ட் அளவுதான், 12 வோல்ட் பேட்டரிக்குள் அது ஏறவே ஏறாது. உள்ளங்கை அளவு நிழலுக்கே இந்தக் கதி. அதனால் பேனலுக்குப் பக்கத்தில் கொடிக்கம்பம், கண்ணாடி, தராசு மாட்டும் கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காக்கை எச்சத்தைக்கூடத் தினமும் துடைக்க வேண்டும்.

சூடும் இப்படித்தான். வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்பது பாதி உண்மை. செல்லின் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சித்திரை மதியத்தில் பேனல் 65 டிகிரியைத் தொடும், ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். எடை குறைவு என்று வளையும் பேனலைத் தகரத்தின் மேல் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அடியில் காற்றுப் போக வழியில்லாமல் அது இன்னும் கொதிக்கும். இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. இரண்டு சதுர மீட்டர் பேனலின் மேல் மணிக்கு 50 கி.மீ. காற்று சாய்வாகப் பட்டால், 20 கிலோவுக்கும் மேலான விசையோடு அதைத் தூக்கிவிடும். மூன்று சக்கர வண்டியின் தலையில் அவ்வளவு உயரத்தில் கனத்தையும் ஏற்றிக் காற்றுக்கும் காட்டினால், திருப்பத்தில் சாயும். தென்காசி, நெல்லைப் பக்கம் கட்டுகிறவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். நான்கு போல்ட்டும் கொஞ்சம் கேபிள் டையும் போதாது.

சட்டத்தை மறந்துவிட்டு சாமான் வாங்கப் போவதும் உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் என்றால் பதிவு வேண்டாம் என்ற சலுகை இரண்டு சக்கரத்துக்குத்தான். அதற்கும் எடை வரம்பு உண்டு. மூன்று சக்கரத்தில் மோட்டார் ஏறினால் அது வேறு வகை, பதிவு வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். பெரியார் 1924இல் போராடிச் சிறை சென்ற அதே வைக்கத்தில், படகுத்துறையிலிருந்து அக்கரையில் உள்ள தவணக்கடவுக்கு 'ஆதித்யா' என்ற படகு போய்வருகிறது. கேரள அரசின் நீர்வழிப் போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியின் நவால்ட் நிறுவனம் கட்டியது. 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் பேனல், கீழே 50 யூனிட் லித்தியம் பேட்டரி. நம் கணக்குப்படி நல்ல வெயில் நாளில் 80 யூனிட் வரை கூரையே தந்துவிடும். போதாததைக் கரையில் வந்து மின்சார லைனிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தப் படகு ஏன் ஜெயித்தது? பேனலுக்கு முன்னால் மற்ற எல்லாவற்றையும் யோசித்ததால். இரண்டு ஒல்லியான அடிப்பாகங்களை அகலமான ஒரே தளத்தால் இணைத்த இரட்டைப் படகு அது. ஒல்லியான அடி தண்ணீரைச் சிரமமில்லாமல் கிழிக்கும், அகலமான தளம் பெரிய கூரையைத் தரும். உடல் இரும்பு இல்லை, ஃபைபர். வேம்பநாட்டுக் காயலின் நடுவில் மர நிழல் கிடையாது. தடமோ இரண்டரை கி.மீ. மட்டும், தினமும் அதே தடம். ஆட்கள் ஏறி இறங்கும்போதும் கூரை தன் பாட்டுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே வேகம். இரண்டரை கி.மீ.க்குக் கால் மணி நேரம் என்றால் மணிக்கு பத்து கி.மீ. அதை இருபதாக்க ஆசைப்பட்டிருந்தால் மோட்டாருக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டியிருக்கும், அத்தனை பெரிய கூரையும் ஒரு மூலைக்குக் காணாது.

வேகத்துக்கு ஆசைப்படுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது. உலகத்தையே சுற்றிவந்த பிளானட்சோலார் படகுக்கு 537 சதுர மீட்டர் பேனல் இருந்தது. அதுவே 2010இல் மொனாக்கோவில் கிளம்பித் திரும்ப 584 நாள் எடுத்துக்கொண்டது. சரி, ஆஸ்திரேலியாவில் சூரியக் கார்கள் பறக்கின்றனவே என்று மாணவர்கள் கேட்பார்கள். 1987இல் நடந்த முதல் போட்டியில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சுமார் 3000 கி.மீ. தூரத்தைச் சராசரி மணிக்கு 66.9 கி.மீ. வேகத்தில் கடந்தது உண்மைதான். ஆனால் ஓட்டுநர் இல்லாமல் அதன் எடை 200 கிலோகூட இல்லை. தரையோடு தரையாக, கண்ணீர்த் துளி வடிவத்தில், ஒரே ஒருவர் படுத்த வாக்கில் ஓட்டும் வண்டி. அந்த வடிவத்தை அப்படியே எடுத்து நம் வேகத்தடைகளின் மேல் ஏற்றினால் முதல் தெருவிலேயே அடி தட்டிவிடும். பந்தயத்துக்குக் கட்டினால் பந்தயத்துக்கு, காய்கறிக்குக் கட்டினால் காய்கறிக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.

பேனலை வைக்கும் இடத்தையே தப்பாக எடுத்தவர்களும் உண்டு. பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் ஒரு கி.மீ. நீளத்துக்குச் சாலையில் பேனல் பதித்து 2016 டிசம்பரில் திறந்தார்கள். 2800 சதுர மீட்டர், 50 லட்சம் யூரோ. மேலே டிராக்டர் ஓடியது, இலை விழுந்தது, பேனல்கள் உடைந்தன. எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. சூரியனைப் பார்த்துச் சாய முடியாத, சக்கரம் ஏறி மிதிக்கிற இடம் பேனலுக்கு ஆகாது.

இதற்கு நேர்மாறாக ஆஸ்திரேலியாவின் பைரன் பே ரயிலைச் சொல்வேன். 1949இல் கட்டிய பழைய ரயில் பெட்டிகளைச் சூரிய சக்திக்கு மாற்றி, 2017 டிசம்பரில் மூன்று கி.மீ. தடத்தில் ஓடவிட்டார்கள். பெட்டியின் கூரையில் இருப்பது 6.5 கிலோவாட் பேனல்தான். நிறுத்தி வைக்கும் கொட்டகையின் கூரையில் 30 கிலோவாட். சூரிய வண்டி என்றால் பேனல் வண்டியின் மேல்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கொட்டகைக் கூரைக்கு எடைக் கவலை இல்லை, ஆட்டம் இல்லை, வேண்டிய பக்கம் சாய்த்து வைக்கலாம்.

இந்த ரயிலைப் பற்றிப் படித்த பிறகுதான் அண்ணாச்சியோடு உட்கார்ந்து, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். விடிகாலை நயினார்குளம் மார்க்கெட்டில் சரக்கு எடுப்பார். ஆறு மணிக்குத் தெருவுக்குள் நுழைவார். பன்னிரண்டு மணிக்குள் வீடு. அதற்கப்புறம் வண்டி சும்மாதான் நிற்கும். பேனல் இரண்டையும் கழற்றி அவர் வீட்டு மாடியில் தெற்குப் பார்க்கச் சாய்த்து வைத்தோம். வண்டிக்குப் பழையபடி தென்னங்கீற்றுக் கூரை போட்டார். முப்பது கிலோவுக்கு மேல் தலைபாரம் குறைந்தது.

இப்போது மதியம் வந்ததும் கைகால் கழுவுகிறாரோ இல்லையோ, பேட்டரிப் பெட்டியைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேனல் பிளக்கில் மாட்டிவிடுகிறார். நாலு மணிக்கு முன்னால் அன்றைக்குச் செலவானது திரும்பிவிடுகிறது. வண்டியைக் காலையில் வேப்பமரத்தடியிலேயே நிறுத்துகிறார். கீரை வாடுவதில்லை.