மும்பையில் பிள்ளையை ஸ்கூலில் சேர்த்தாச்சா? பி.டி.ஏ.வுக்கும் பெயர் கொடுங்கள்

ஊரிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஸ்கூல் அட்மிஷனைப் பற்றித்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.சி.யில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். வேறு மாநிலம் என்பதால் இங்கே கேட்பார்கள், அதற்காக மறுபடி ஊருக்கு ஓட முடியாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடைசி மார்க் ஷீட், பிள்ளையின் பென் நம்பர் (பழைய பள்ளியில் கிடைக்கும் நிரந்தரக் கல்வி எண்) எல்லாம் கையில் இருக்கட்டும். ஸ்டேட் போர்டு பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். எந்த போர்டாக இருந்தாலும் மராத்தி உண்டு, 2020-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். பயப்படாதீர்கள், ஒரு வருஷத்தில் பிள்ளைகள் நமக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அட்மிஷனுக்குப் பிறகு வரும் ஒரு துண்டுத் தாளைப் பற்றி.

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் முலுண்டுக்கு வந்தபோது மகளுக்கு நான்காம் வகுப்பு. ஜூன் கடைசி வாரம், வெளியே அடைமழை. நனைந்த பையைக் காயவைக்க எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். டப்பாவுக்கு அடியில் நான்காக மடித்த வெளிர்மஞ்சள் தாள் ஒன்று, ஒரு மூலையில் தயிர் பட்டுக் காய்ந்திருந்தது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) செயற்குழுவில் சேர விருப்பமா, ஆம் அல்லது இல்லை, கையெழுத்து. மறுநாள்தான் கடைசித் தேதி. ஊரில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்றால் எனக்குத் தெரிந்தது ஆண்டு விழா மேடையும் பொன்னாடையும்தான். வந்து பத்து நாள் ஆகவில்லை, சிலிண்டர் கனெக்‌ஷன்கூட வரவில்லை, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று 'இல்லை'யில் டிக் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரியில் சர்க்குலர் வந்தது. 62,000 ரூபாயாக இருந்த வருஷக் கட்டணம் 70,500 ஆகிறது. வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டார், இரண்டு பேரும் ஸ்கூல் ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் கோபப்படவில்லை, ஒரு ஃபைலை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். செயற்குழு கூடிக் கட்டண உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்த மினிட்ஸ். கீழே வகுப்புவாரியாகப் பெற்றோர் கையெழுத்துகள். நான்காம் வகுப்புக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. அந்த வகுப்பிலிருந்து யாருமே பெயர் கொடுக்கவில்லை. நாற்பத்தெட்டு பிள்ளைகள் படிக்கிற வகுப்பு! தயிர்க் கறையோடு நான் அனுப்பிய தாள் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்க முடியவில்லை.

நாம் ஏமாறுவது இங்கேதான். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான அரசுக் குழு நிர்ணயிக்கிறது. அதனால் கட்டணம் நம் கையில் இல்லை என்ற நினைப்போடுதான் ரயில் ஏறுகிறோம். மகாராஷ்டிரத்தில் 2011-ம் வருஷத்துக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வேறு மாதிரி. பள்ளி திறந்து 30 நாளைக்குள் தனியார் பள்ளிகளில் பி.டி.ஏ. அமைக்க வேண்டும். எல்லாப் பெற்றோரும் தானாகவே அதில் உறுப்பினர். ஆனால் முடிவெடுப்பது செயற்குழு. பிரின்சிபால் தலைவர், பெற்றோரில் ஒருவர் துணைத் தலைவர், ஓர் ஆசிரியர் செயலாளர், இரண்டு இணைச் செயலாளர்கள் பெற்றோரிலிருந்து, அப்புறம் வகுப்புக்கு ஒரு பெற்றோரும் ஓர் ஆசிரியரும். அடுத்த கல்வியாண்டுக்கு ஆறு மாதம் முன்பே நிர்வாகம் தன் கட்டணத்தை இந்தக் குழுவின் முன் வைக்க வேண்டும். குழு ஒப்புக்கொண்டுவிட்டால் அந்தக் கட்டணம் இரண்டு வருஷத்துக்குச் செல்லும். பிறகு மேலே புகார் கொடுக்க வேண்டுமென்றால் 25 சதவீதப் பெற்றோர் சேர வேண்டும். தனி ஆளாக நின்று புலம்பத்தான் முடியும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க அதுதான் நடந்தது.

செயற்குழுவுக்கு ஆள் எடுப்பது குலுக்கல் முறையில். விருப்பம் தெரிவித்தவர்களின் சீட்டு மட்டும்தான் குலுக்கலுக்குப் போகும். அடுத்த ஜூனில் நான் 'ஆம்' போட்டுவிட்டு அன்றைக்கு நேரில் போய் நின்றேன். எவர்சில்வர் குடத்தில் சீட்டுகளைப் போட்டு, ஒரு எல்.கே.ஜி. குழந்தையைத் தூக்கிப் பிடித்து எடுக்கச் சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கும் குடவோலை இதேதானே! ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் செய்த காரியத்துக்கு நாம் பெயர் கொடுக்கத் தயங்கலாமா?

அந்த வருஷம் என் பெயர் வரவில்லை. அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், குழுவுக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2011 பள்ளிப் பேருந்து விதிகளின்படி ஒவ்வொரு பள்ளியிலும் போக்குவரத்துக் குழு உண்டு, அதில் பி.டி.ஏ. பிரதிநிதியும் உண்டு. எங்கள் பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாவுஷி (உதவியாளர் அம்மா) பாதி நாள் வருவதில்லை. மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து இறக்க ஆள் கிடையாது. நானும் இன்னும் மூன்று அம்மாக்களும் இரண்டு வாரம் ஸ்டாப்பில் நின்று, எந்தெந்த நாள் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் ஆள் வந்தது.

மூன்றாவது வருஷம் எங்கள் வகுப்புக்கு ஒரு மராத்தி அம்மாவின் சீட்டு வந்தது. அவரை நான் தாயி என்றுதான் கூப்பிடுவேன். இங்கே தாயி என்றால் அக்கா. நவம்பரில் நிர்வாகம் மறுபடி கட்டணத்தை உயர்த்தக் கேட்டபோது, கணக்குத் தாள்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். மூன்று நாள் சாயங்காலம் அவர் கொண்டுவந்த காந்தா போஹாவும் என் ஃபில்டர் காபியுமாக உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். கட்டடப் பழுது ஒரே தொகை இரண்டு தலைப்பில் வந்திருந்தது. தாயி கூட்டத்தில் அமைதியாக அதைக் காட்டினார். பிரின்சிபால் வாங்கிப் பார்த்துவிட்டு, திருத்தித் தருகிறோம் என்றார். ஒன்பதாயிரம் ஏற்றக் கேட்டது ஐந்தாயிரத்தில் நின்றது.

பாஷை தெரியாதே என்று பின்வாங்காதீர்கள். கூட்டம் மராத்தியில் தொடங்கி இந்திக்குப் போய் இங்கிலீஷில் முடியும். "ஹளூ போலா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் மெதுவாகப் பேசுவார்கள், எனக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. கேள்வி கேட்டால் பிள்ளையின் மேல் காட்டுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நடந்தது வேறு. ஆசிரியைகளோடு பழக்கம் வந்த பிறகு, மராத்தியில் என் மகள் எங்கே திணறுகிறாள் என்பதை டீச்சரே போன் செய்து சொல்கிறார்.

அரசு உதவி பெறும் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ சேர்த்திருந்தால், அங்கே இருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. தாராவியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஊரில் இந்தக் குழுவில் இருந்து பழகிய அம்மாக்கள் இங்கே வந்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

ஜூன் முழுக்கப் பிள்ளையின் பையை தினமும் பாருங்கள். படிவம் வரவில்லையென்றால் ஆபீஸில் போய்க் கேளுங்கள். நிரப்பியதை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, நீங்களே நேரில் கொடுங்கள். குழுவின் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அதில் உங்கள் வகுப்புக்கு நேரே யார் பெயர் என்று பார்த்து, அந்த வாரமே அவரிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.