முதல் நெடுந்தூர பைக் ராலி: வேலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ராலி என்றால் நம் ஊரில் கட்சிக்கொடி கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போகும் ஊர்வலமோ, சேற்றில் சீறிப் பாயும் பந்தயமோதான் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதுவது வேறொன்றைப் பற்றி. பொதுச் சாலையில், சாலை விதிகளை மீறாமல், குறித்த நேரத்துக்குள் நெடுந்தூரம் ஓட்டி முடிக்கும் ராலி. வேகமாக ஓட்டுகிறவருக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது. தினமும் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வேலைக்குப் போய்வரும் 150 சிசி வண்டியே போதும்.

இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓட்டுவது ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகம் கொடுத்துவிடுவார்கள். சோதனைச் சாவடியைத் தாமதமாக அடைந்தாலும் அபராதம், முன்னதாக அடைந்தாலும் அபராதம். இரண்டாவது, சான்றிதழுக்காக ஓட்டுவது. அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் வைத்திருக்கும் தொடக்கநிலைச் சவாலே 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,610 கிலோமீட்டர். நம் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே வேலூரிலிருந்து கோலாப்பூர் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். தொடக்கநிலை என்ற பெயரை நம்பி முதல் வருடமே அதில் இறங்காதீர்கள். மூன்றாவது, புள்ளி சேர்க்கும் ராலி. இடங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றுக்குமான புள்ளிகளையும் கொடுப்பார்கள்; எந்த இடத்துக்கு எந்த வரிசையில் போவது என்பது உங்கள் முடிவு. போனதற்குச் சான்றாக அங்கே படமெடுத்துக் காட்ட வேண்டும். அதே அமைப்பு ஓராண்டு விட்டு ஓராண்டு 11 நாட்களுக்கு நடத்தும் ராலி இந்த வகைதான். புதிதாக வருகிறவர் 8 மணி அல்லது 12 மணி நேரப் புள்ளி ராலியில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டக் கற்றுத்தருவதோடு, முடிவெடுக்கவும் அது கற்றுத்தரும். இனி வரும் படிகள் அதற்கானவை.

படி 1: விதிப்புத்தகத்தை மூன்று முறை படியுங்கள்

பணம் கட்டும் முன் ஒரு முறை, கட்டிய பின் ஒரு முறை, முந்தைய இரவு ஒரு முறை. தாமதமானால் நிமிடத்துக்கு எத்தனை புள்ளி குறையும், எத்தனை மணிக்கு மேல் வந்தால் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள், படத்தில் என்னென்ன தெரிய வேண்டும் என்ற மூன்றையும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். இருசக்கர வாகனப் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை, வாகனத்தின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது. நிகழ்வு எப்படிப்பட்டது என்பதை அமைப்பாளர்களிடம் எழுத்தில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

படி 2: நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

ராலியில் நேரம் போவது ஓடும்போது அல்ல, நிற்கும்போது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கணக்கு எளிது. 100 கிலோமீட்டரை 70 வேகத்தில் ஓட்டினால் ஏறக்குறைய 86 நிமிடம். 80 வேகத்தில் ஓட்டினால் 75 நிமிடம். மிச்சம் 11 நிமிடம். ஒரு டீக்கடையில் கையுறையைக் கழற்றி, டீ வாங்கி, கைப்பேசியைப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் 20 நிமிடம் போய்விடும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வரம்பே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். ஆக, வேகத்தைக் கூட்டிச் சம்பாதிக்க நினைக்கும் நேரம் சொற்பம். அதற்குக் கொடுக்க நேரும் விலையோ மிகப் பெரியது.

பயிற்சிக்கு நம் பகுதியிலேயே ஒரு நல்ல முக்கோணம் இருக்கிறது. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை. அங்கிருந்து செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி. பிறகு வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக வீடு. 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். ஊர்ச்சாலை, இருவழிச் சாலை, நான்குவழிச் சாலை மூன்றும் இதில் உண்டு. பௌர்ணமி நாளில் மட்டும் போகாதீர்கள். கிரிவலக் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலையில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருப்பார்கள்.

ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு முறை நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்துக்கொண்டே போங்கள். நான் முதல் முறை இந்தச் சுற்றை முடித்துக் கூட்டிப் பார்த்தபோது வண்டி ஓடியது 6 மணி 10 நிமிடம், நின்றது கிட்டத்தட்ட 3 மணி நேரம். மூன்று மணி நேரம் நின்றேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே சுற்றை அதே வேகத்தில் ஓட்டி, நிற்கும் நேரத்தை 70 நிமிடமாகக் குறைத்தேன். தண்ணீர்ப்பையை முதுகில் மாட்டியதும், சில்லறையைத் தனிப்பையில் வைத்ததும், பெட்ரோல் போடும் இடத்திலேயே சிறுநீர் கழிக்கப் போனதும்தான் நான் செய்த மாற்றங்கள்.

படி 3: வண்டி

ராலிக்கு முந்தைய வாரம் புதிய பாகம் எதையும் மாட்டாதீர்கள். மாற்ற வேண்டியதை ஒரு மாதம் முன்பே மாற்றி, 500 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டு, தொய்வு வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கவும். டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். கூடுதலாக ஒரு கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பஞ்சர் ஒட்டும் பெட்டி, சிறிய காற்றடிக்கும் பம்ப் போதும்.

கிலோமீட்டர் மீட்டரையும் சோதியுங்கள். நெடுஞ்சாலையின் மஞ்சள் தலை மைல்கற்களைப் பார்த்து 50 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 52 காட்டினால், ராலி முழுவதும் அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்தே கணக்குப் போட வேண்டும். 13 லிட்டர் டேங்கில் 450 கிலோமீட்டர் ஓடலாம் என்றாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் நிரப்பாமல் போகாதீர்கள்.

படி 4: பாதை வகுப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. முதல் நாள் இரவு, மேசை விளக்கின் கீழ் வரைபடத்தை விரித்துவைத்து உட்காருவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது.

முதலில் நேரத்தைப் பங்கிடுங்கள். 12 மணி நேரம் என்பது 720 நிமிடம். எட்டு இடங்களில் படமெடுக்கத் தலா 6 நிமிடம் என 48, பெட்ரோலுக்கு இரண்டு முறை, 20, சாப்பாடும் ஓய்வும் 60, எதிர்பாராததற்கு 45. ஆக 173 நிமிடம் போக மீதம் 547, ஏறக்குறைய 9 மணி நேரம். நம் பகுதியில் எல்லா வகைச் சாலையும் கலந்து சராசரி 45 கிலோமீட்டர் என்று வைத்தால் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உங்கள் திட்டம் 400க்குள் நிற்க வேண்டும்.

இப்போது ஒரு கற்பனைப் பட்டியல். ஏலகிரி மலை 120 புள்ளி. ஆற்காடு டெல்லி கேட், வேலூர்க் கோட்டை, விரிஞ்சிபுரம் கோயிலின் நேரம் காட்டும் கல் மூன்றும் தலா 45 புள்ளி. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் 150 புள்ளி.

புதியவரின் கண் 120க்கும் 150க்கும்தான் போகும். ஏலகிரிக்குப் பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதே வழியில் இறங்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து விலகித் திரும்புவதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் போகும். கீழே உள்ள மூன்று இடங்களும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. போகிற வழியில் 135 புள்ளி. ஒவ்வொரு இடத்துக்கும் நேரே ‘புள்ளி எத்தனை, கூடுதலாக ஆகும் நிமிடம் எத்தனை’ என்று எழுதி வகுத்துப் பாருங்கள். எதை விட வேண்டும் என்பது தானே தெரியும்.

இடம் எப்போது திறந்திருக்கும் என்பதையும் பாருங்கள். விரிஞ்சிபுரத்துக் கல் கோயிலுக்குள் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்திவிட்டால் படம் கிடையாது. அதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அங்கே சுவாமிக்கு மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர் என்று பெயர். நெடுந்தூரம் கிளம்பும் முன் நான் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் போவதில்லை. காவலூரிலோ நினைத்த நேரத்தில் வளாகத்துக்குள் விடமாட்டார்கள். வாசல் பலகையின் படம் போதுமா என்பதை விதிப்புத்தகத்தில் பாருங்கள். காவலூருக்குப் போகும் ஜவ்வாது மலைச் சாலையை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். ஏறும் முன் போளூரிலோ ஆலங்காயத்திலோ டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 5: படமும் பில்லும்

ராலியில் இறங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டியதை ஒரே வரிசையில் பழகுங்கள்: படத்தில் தெரிய வேண்டிய ராலிக்கொடியை மாட்டு, படமெடு, எடுத்த படத்தைத் திறந்து பார், நேரத்தையும் மீட்டர் எண்ணையும் படிவத்தில் எழுது, பிறகு ஹெல்மெட். நான் ஒருமுறை ஆற்காடு டெல்லி கேட்டில் அழகான படம் எடுத்தேன். பாலாற்று மணல் வரை தெரிந்தது, கொடி மட்டும் சட்டகத்துக்கு வெளியே. புள்ளி கிடைக்கவில்லை. மதிப்பிட்டவர், “தம்பி, நீங்கள் போனது எனக்குத் தெரிகிறது. ஆனால் விதி கொடியைக் கேட்கிறது” என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

எந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சான்றாகப் பெட்ரோல் பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். “அண்ணா, பில் வேண்டும்” என்பதை வண்டியை நிறுத்தும்போதே சொல்லிவிடுங்கள். ஊர்ப்பெயர், தேதி, நேரம் மூன்றும் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். ஒரு பங்கில் கிடைத்த பில்லில் கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. கைப்பேசிப் பணப்பரிமாற்றச் செய்தி இருந்ததால் தப்பித்தேன். அந்தத் தாளின் எழுத்து வெயிலில் மங்கிவிடும், வாங்கியதும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: உடம்பு

வேலூர் வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதல் ராலி டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இருந்தால் நல்லது. வெயில் காலத்தில் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். உள்ளே நனைத்த பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டால் காற்று பட்டுக் குளிர்ச்சி தரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு தண்ணீர், அவ்வப்போது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல். சாப்பாட்டுக்கு இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய், மோர். ஆம்பூரைக் கடக்கும்போது பிரியாணி மணம் இழுக்கும். நின்றுவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் கண் சொக்கும்.

தூக்கத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். விடியற்காலை 2 மணி முதல் 5 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும். கடந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லை, கோட்டைத் தாண்டி வண்டி நகர்கிறது, கியரை மாற்ற மறக்கிறீர்கள் என்றால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, அலாரம் வைத்து, 20 நிமிடம் படுங்கள். டீயோ பாட்டோ தூக்கத்துக்கு மாற்று ஆகாது. வாணியம்பாடிக்கு முன்னால் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் விளக்கில்லாமல் நின்றிருந்த ஒரு லாரியின் பின்பக்கம் என் முன்னால் இருந்தது. விலகிவிட்டேன். அன்று ராலியை அங்கேயே விட்டுவிட்டு, அமைப்பாளர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தூங்கி எழுந்து வீட்டுக்கு வந்தேன். இன்றுவரை அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை.

படி 7: அந்த நாள்

உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று நான்கும் கையில் இருக்கட்டும். இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை ஜாக்கெட்டின் உள்பையில் இருக்க வேண்டும். இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிடுங்கள்.

சுங்கச்சாவடிகளில் நமக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரத்துச் சிறு வழியில் மணலும் எண்ணெயும் கிடக்கும், மெதுவாகப் போங்கள். ஊர் முனைகளில் எதிர்த்திசையில் வரும் வண்டிகளை எப்போதும் எதிர்பாருங்கள்.

முடிவிடத்தை அரைமணி நேரம் முன்னதாக அடையும்படி திட்டமிடுங்கள். கடைசி நேரத்தில் இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாம் என்ற ஆசை வரும். இருக்கும் நிமிடங்கள் போதுமா என்பதை நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள். மதிப்பீட்டு மேசைக்குப் போகும் முன் படிவம், படங்கள், பில்கள் மூன்றையும் சென்ற வரிசையில் அடுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். எங்காவது நான்கு மணி நேரம் தூங்குங்கள். படுப்பதற்கு முன் நோட்டை எடுத்து, எங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதை எழுதி முடித்துவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துபோயிருக்கும்.